ரிப்போர்ட்டில் ‘மைனஸ் 2.8’: மூளை ஸ்கேனும் இயந்திரக் கற்றலும் – வாசகர் கேள்வி பதில்

கதிர்வீசும் மருந்தை ஊசியில் செலுத்தி மூளைக்கு எடுக்கும் பெட், ஸ்பெக்ட் ஸ்கேன்களைக் கண்ணால் பார்த்துச் சொல்வதோடு, இப்போது கணினி கொடுக்கும் எண்களும் ரிப்போர்ட்டில் வருகின்றன. அந்த எண்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தாரும் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை உருவாக்கும் மென்பொருளை எழுத முயலும் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரு சாராரும் ஒருவர் கேள்விக்கான பதிலை மற்றவர் படித்தால் நல்லது.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: அப்பாவுக்கு 71 வயது. மறதி கூடிக்கொண்டே வருகிறது. எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘போஸ்டீரியர் சிங்குலேட் – இசட் ஸ்கோர் மைனஸ் 2.8’ என்று இருக்கிறது. இருபது வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு. அல்சைமர் என்று கணினி முடிவு செய்துவிட்டதா?

இல்லை. உங்கள் அப்பாவின் மூளையில் அந்த ஓர் இடம், நலமாக இருக்கும் சிலரின் அதே இடத்தைவிட எவ்வளவு குறைவாகச் சர்க்கரையை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

எஃப்.டி.ஜி. என்பது ஃபுளோரின்-18 ஒட்டப்பட்ட குளுக்கோஸ். மூளைச் செல்கள் அதை உண்மையான குளுக்கோஸைப் போலவே உள்ளே எடுத்துக்கொள்ளும். முதல் வேதிமாற்றத்துக்குப் பிறகு அது மேற்கொண்டு நகராமல் அங்கேயே தங்கிவிடும். எங்கே செல்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றனவோ அங்கே கதிர் கூடுதலாகத் தெரியும். மென்பொருள் முதலில் அப்பாவின் மூளைப் படத்தை நீட்டியும் சுருக்கியும் ஒரு பொது மூளை வரைபடத்தோடு பொருத்துகிறது. அடுத்து, நோய் எளிதில் தொடாத ஓர் இடத்தை, பெரும்பாலும் பான்ஸ் (மூளைத்தண்டின் ஒரு பகுதி) அல்லது சிறுமூளையை, அளவுகோலாக வைத்து மற்ற எல்லா இடங்களையும் அதனால் வகுக்கிறது. கிடைத்த விகிதத்தை நலமானவர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது.

கணக்கு இப்படிப் போகும் (எண்கள் உதாரணத்துக்கு). நலமானவர்களின் சராசரி 1.20, திட்ட விலக்கம் (ஒருவருக்கொருவர் எவ்வளவு மாறுபடுகிறார்கள் என்ற அளவு) 0.10, அப்பாவின் அளவு 0.92 என்றால், 0.92-இலிருந்து 1.20-ஐக் கழித்து 0.10-ஆல் வகுத்தால் மைனஸ் 2.8. அதே அப்பா, அதே ஸ்கேன். ஒப்பிடும் கூட்டத்தின் திட்ட விலக்கம் 0.14 ஆக இருந்தால் விடை மைனஸ் 2.0 ஆகிவிடும். அதனால் இந்த எண்ணில் பாதி அப்பாவுடையது. மீதி, யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. 40 வயதுக்காரர்களோடு 71 வயதுக்காரரை ஒப்பிட்டிருந்தால், வயதால் வரும் இயல்பான குறைவும் நோய்போல் தெரியும். இன்னொன்று: மென்பொருள் 50 இடங்களை அளக்கிறது என்று வையுங்கள். முழு ஆரோக்கியமானவருக்கும் அதில் ஏதாவது ஓரிடம் மைனஸ் 2-க்குக் கீழே போவது தற்செயலாகவே நடக்கும். எனவே தனி எண்ணைவிட எந்தெந்த இடங்கள் சேர்ந்து குறைகின்றன என்ற அமைப்பே முக்கியம். அல்சைமரில் போஸ்டீரியர் சிங்குலேட், அதை ஒட்டிய ப்ரிகூனியஸ், இருபுறமும் பெரைட்டல் (உச்சி), டெம்போரல் (காதோர) பகுதிகள் சேர்ந்து குறையும். கை கால் அசைவுக்கான பகுதியும் பார்வைப் பகுதியும் ஓரளவு தப்பியிருக்கும். மறதியை உண்டாக்கும் இன்னொரு நோயான லூயி பாடி நோயில் பின்மண்டைப் பார்வைப் பகுதி குறைந்து, போஸ்டீரியர் சிங்குலேட் மட்டும் தீவுபோல் பிழைத்திருக்கும். முன்மூளையும் டெம்போரல் முனையும் குறைந்தால் யோசனை வேறு நோயின் திசையில் போகும்.

இப்போது சர்க்கரை நோய். உங்கள் கடிதத்தில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடியிருந்தால், அதுவும் எஃப்.டி.ஜி.யும் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். மூளை முழுவதும் மங்கும். முழுவதும் ஒரே அளவில் மங்கினால் விகிதம் எடுக்கும்போது அது சரியாகிவிடும். ஆனால் ப்ரிகூனியஸ் உள்ளிட்ட பின்பகுதிப் புறணி (மூளையின் மேலடுக்கு) மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் குறைகிறது. அதாவது, ஊசி போடும் நேரத்தில் இருந்த அதிகச் சர்க்கரை அல்சைமரைப் போன்ற ஒரு படத்தையே வரைந்துவிடக்கூடும். மென்பொருளுக்கு இது தெரியாது. யாரும் அதற்குச் சர்க்கரை அளவைச் சொல்வதும் இல்லை.

ரிப்போர்ட்டில் ஊசி நேரச் சர்க்கரை அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். 160-க்குள் இருந்தால் கவலை குறைவு; 200-ஐத் தாண்டியிருந்தால் ஸ்கேனை வேறு நாளுக்குத் தள்ளியிருக்க வேண்டும். ஊசிக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் பட்டினி, ஊசிக்குப் பின் அரை மணியாவது மங்கிய வெளிச்சத்தில் பேச்சில்லாமல் ஓய்வு – இவை நடந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் பார்வைப் பகுதி கூடுதலாக ஒளிரும். தூக்க மாத்திரை எடுத்திருந்தால் அதையும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி: அம்மாவின் அமிலாய்டு பெட் ரிப்போர்ட்டில் ‘18 சென்டிலாய்டு’ என்று போட்டிருக்கிறார்கள். இது பாசிட்டிவா, நெகட்டிவா?

நடுவில் இருக்கிறது, மழுப்புவதற்காகச் சொல்லவில்லை, அளவுகோலே அப்படித்தான். அமிலாய்டு என்பது அல்சைமரில் மூளையில் படியும் ஒரு புரதம்; அதைக் காட்டும் ஒவ்வொரு ஊசி மருந்துக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் விகிதம் வேறு வேறாக வந்ததால், 2015-இல் பொது அளவுகோலாகச் சென்டிலாய்டு வந்தது. வெப்பமானியில் தண்ணீர் உறைவது 0, கொதிப்பது 100 என்று வைத்ததைப் போல, இதில் 45 வயதுக்குட்பட்ட நலமானவர்களின் சராசரி 0, அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100. இரண்டும் சராசரிகள் என்பதால் மைனஸ் 5-உம் வரும், 130-உம் வரும்.

10-க்குக் கீழே என்றால் அமிலாய்டு படிவு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 30-க்கு மேல் என்றால் இருக்கிறது. இடைப்பட்ட பகுதியில் அளவிடும் பிழையே விடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். எப்படி என்று அடுத்த பதிலில் கணக்கோடு இருக்கிறது. ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறோம்: படிவை அகற்றும் டொனானெமாப் மருந்தின் பெரிய சோதனையில் 37 சென்டிலாய்டும் அதற்கு மேலும் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். ஒரு ஸ்கேனில் 11-க்குக் கீழே போனாலோ, அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்களில் 25-க்குக் கீழே இருந்தாலோ மருந்தை நிறுத்தினார்கள். ஓர் எண்ணுக்கு ஒரு ஸ்கேன், இன்னோர் எண்ணுக்கு இரண்டு ஸ்கேன் கேட்டதன் காரணம் இந்த இடைப்பட்ட பகுதியின் ஐயம்தான்.

படிவு இருப்பதும் மறதி நோய் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். வயது ஏற ஏற, நன்றாக நடமாடி நினைவாற்றலோடு இருக்கும் பலருக்கும் படிவு தெரியும். ‘பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அது சரியான பதில். மறுபடி எடுக்க நேர்ந்தால் அதே இயந்திரத்தில், அதே ஊசி மருந்தால், அதே மென்பொருளால் எடுக்கச் சொல்லுங்கள். 18-உம் 24-உம் வேறு வேறு இயந்திரங்களில் வந்தால் அந்த 6-க்கு அர்த்தம் இல்லை.

விழுப்புரம் வாசகர்: ஏ.ஐ. அளவீட்டுக்கு என்று தனியாக ஊசி, கூடுதல் கதிர்வீச்சு உண்டா?

கிடையாது. எடுத்த படத்தின் மேல் நடக்கும் கணக்குதான் அது. எஃப்.டி.ஜி. மூளை ஸ்கேனுக்கு 185 மெகாபெக்கரல், அதாவது 5 மில்லிக்யூரி, கொடுத்தால் உடலுக்குச் சேர்வது ஏறத்தாழ 3.5 மில்லிசீவர்ட். உடன் எடுக்கும் சி.டி.யால் இன்னும் சிறிது கூடும்.

கோவையிலிருந்து மருத்துவ இயற்பியல் மாணவி: முதுநிலை ஆய்வுக்காக அமிலாய்டு ஸ்கேனிலிருந்து சென்டிலாய்டு கணக்கிடும் நிரலை எழுதுகிறேன். இயந்திரக் கற்றலை எந்தப் படியில் நுழைப்பது? எங்கே தவறு வரும்?

முதலில் இயந்திரக் கற்றல் எதுவும் இல்லாமல் முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து முடியுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறோம். ஒப்பிட ஒரு நம்பகமான எண் கையில் இல்லாவிட்டால், நரம்பு வலைப்பின்னல் கொடுக்கும் எண் சரியா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

டைகாம் (மருத்துவப் படங்களின் பொது வடிவம்) கோப்பைத் திறந்ததும் அலகைப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பெக்கரல் என்று எழுதும்; சில வெறும் எண்ணிக்கையாக எழுதி, மாற்றும் காரணியைத் தனியார் குறியில் (தயாரிப்பாளர் தனக்கென வைத்துக்கொள்ளும் தகவல் இடத்தில்) ஒளித்து வைத்திருக்கும். எஸ்.யூ.வி. (உடல் எடைக்கும் ஊசி அளவுக்கும் ஏற்பத் திருத்திய அளவு) வேண்டுமென்றால் எடையும் ஊசி அளவும் ஊசி நேரமும் துல்லியமாக வேண்டும். ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். டோஸ் அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் தள்ளியிருந்தாலே எஸ்.யூ.வி.யில் 6 சதவீதப் பிழை. சென்டிலாய்டுக்குத் தேவையானது விகிதம் மட்டுமே. புறணியின் அளவைச் சிறுமூளையின் அளவால் வகுக்கும்போது எடையும் டோஸும் அடிபட்டுப் போகும். இந்த வகைக் கவலை நீங்குகிறது. ஆனால் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட நேரம் அடிபடாது. விகிதமே நேரத்தோடு மாறும். ஊசி மருந்து ஃபுளோர்பெட்டபிர் என்றால் 30 முதல் 50 நிமிடத்துக்குள் தொடங்கச் சொல்வார்கள், ஃபுளோர்பெட்டபன் என்றால் சென்டிலாய்டு சமன்பாடு 90–110 நிமிடப் படத்துக்கு எழுதப்பட்டது. கோப்பில் உள்ள நேரத்தை நிரலே படித்து, வரம்பு மீறினால் எச்சரிக்கட்டும்.

20 நிமிடப் பதிவு 5 நிமிடம் வீதம் நான்கு துண்டுகளாக வரும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய பிறகே கூட்டுங்கள். தலை 5 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் புறணியே மங்கிவிடும், ஏனென்றால் புறணியின் சராசரித் தடிமனே 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. தலை அசைந்தது சி.டி.க்கும் பெட்டுக்கும் நடுவில் என்றால் இது போதாது. அட்டென்யுவேஷன் திருத்தம் (தலைக்குள்ளேயே குறைந்துவிடும் கதிரை ஈடுகட்டும் கணக்கு) மண்டை ஓட்டை மூளையின் மேல் வைத்துக் கணக்கிட்டிருக்கும். ஒரு பக்கப் புறணி பொய்யாக ஒளிரும், மறுபக்கம் மங்கும். சி.டி.யையும் பெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணால் பார்ப்பதைத் தவிர இதற்கு எளிய வழி இல்லை.

அடுத்து பெட் படத்தை அதே நபரின் டி1 எம்.ஆர்.ஐ.யோடு, மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என்ற ஆறு அளவுகளோடு பொருத்துங்கள். எம்.ஆர்.ஐ.யை எஸ்.பி.எம். என்ற மென்பொருள் கொண்டு பொது மூளை வரைபட வெளிக்கு வளைத்து, அதே வளைவைப் பெட்டுக்கும் கொடுங்கள். தொடங்கும்முன் படத்தின் மையத்தை ஆன்டீரியர் கமிஷர் (மூளையின் நடுவே உள்ள ஒரு நரம்புக் கற்றை) அருகே வைக்க மறந்தால் பொருத்தம் பாதி வழியில் தடம் மாறி நிற்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு இதுதான் அதிகம் நேரும் தடுக்கல். பிறகு சென்டிலாய்டுக்கென்று பொதுவில் கிடைக்கும் புறணி மூடியையும் (மாஸ்க் – எந்தப் பகுதியை அளப்பது என்று குறிக்கும் படம்) முழுச் சிறுமூளை மூடியையும் வைத்துச் சராசரிகளை எடுத்து வகுத்தால் விகிதம் வரும். ஃபுளோர்பெட்டபனுக்கு அதை 153.4-ஆல் பெருக்கி 154.9-ஐக் கழியுங்கள்.

விகிதம் 1.20 என்றால் விடை 29.2 சென்டிலாய்டு. விகிதம் 1.17 என்றால் 24.6. விகிதத்தில் 0.03 தவறினால் சென்டிலாய்டில் கிட்டத்தட்ட 5 தவறுகிறது. டொராண்டோ வாசகிக்குச் சொன்ன ஐயத்தின் அளவு இதுதான். உங்கள் நிரலின் வெளியீட்டில் ஒற்றை எண்ணைப் போடாமல் கூட்டல் கழித்தல் வரம்பையும் சேர்த்துப் போடுங்கள்.

பாதை சரியா என்று பார்க்க, அமெரிக்காவின் கெயின் (GAAIN) என்ற அல்சைமர் தரவு வலைத்தளத்தில் 34 இளைஞர்கள், 45 அல்சைமர் நோயாளிகள் அடங்கிய கார்பன்-11 பிப் (இன்னொரு அமிலாய்டு ஊசி மருந்து) ஸ்கேன்களும் வெளியிடப்பட்ட விடைகளும் கிடைக்கின்றன. உங்கள் விடைக்கும் அவர்களுடையதுக்கும் கோடு வரைந்தால் சாய்வு 0.98-க்கும் 1.02-க்கும் இடையே, வெட்டு (இன்டர்செப்ட்) மைனஸ் 2-க்கும் 2-க்கும் இடையே, ஆர் வர்க்கம் (R², இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.98-க்கு மேல் இருக்க வேண்டும். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது இயந்திரக் கற்றல். அது உண்மையாகவே உதவும் இடம், எம்.ஆர்.ஐ. இல்லாத நோயாளிகள். நம் மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. வேறிடத்தில் எடுத்து, ஃபிலிம் மட்டும் கையில் இருப்பது சாதாரணம். பெட்டை மட்டும் வைத்துப் பொது வெளிக்கு வளைக்க முயன்றால் ஒரு சிக்கல்: படிவு இல்லாதவரின் படத்தில் வெண்பகுதி (நரம்பு இழைகள் செல்லும் உட்பகுதி) மட்டும் மரக்கிளைபோல் ஒளிரும், படிவு உள்ளவருக்குப் புறணியும் நிரம்பி விளிம்புவரை ஒளி பரவும். ஒரே அச்சுப் படத்தோடு இரண்டையும் பொருத்தினால், ஒரு சாரார் மூளை தவறாக இழுக்கப்பட்டு எண்ணும் சாயும். படத்தில் பகுதிகளைப் பிரித்தறியும் யூ-நெட் வகை வலைப்பின்னலுக்கு, எம்.ஆர்.ஐ. உள்ள நோயாளிகளின் பெட்டை உள்ளீடாகவும் எம்.ஆர்.ஐ. வழியே கிடைத்த மூடிகளையோ வளைவையோ விடையாகவும் கொடுத்துப் பயிற்றுங்கள். படத்தைக் கொடுத்து நேராகச் சென்டிலாய்டை வாங்கும் வலைப்பின்னலைவிட இதையே நாங்கள் விரும்புவோம். மூடி எங்கே விழுந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து மறுக்க முடியும். ஒற்றை எண்ணை மறுக்க எதுவும் கையில் இல்லை.

எங்கே சறுக்கும்? சிறுமூளையின் அடிப்பகுதி ஸ்கேனரின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் வலைப்பின்னல் இல்லாத சிறுமூளையை ஊகித்து வரைந்துவிடும். விகிதத்தின் கீழெண்ணே தவறினால் மூளையின் எல்லா இடமும் சேர்ந்து தவறும். பழைய பக்கவாதம் இருந்தால் எதிர்ப்பக்கச் சிறுமூளையின் இயக்கம் குறைந்திருக்கும், எஃப்.டி.ஜி.யில் சிறுமூளையை அளவுகோலாக வைக்கும்போது இது பெரிய பிழை. மூளை மிகவும் சுருங்கி, நீர் அறைகள் பெருத்தவர்களைப் பயிற்சியில் போதுமான அளவு சேர்க்காவிட்டால் அவர்களுக்குத்தான் முதலில் தவறும். அவர்கள்தான் இந்தச் சோதனைக்கு வருகிறவர்கள்.

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்: ஆட்னி என்ற அல்சைமர் ஆய்வுத் தொகுப்பின் தரவில் எஃப்.டி.ஜி. படங்களைக் கொண்டு அல்சைமரைக் கண்டறியும் மாதிரியைப் பயிற்றினேன். 98 சதவீதத் துல்லியம். நண்பரான மருத்துவர் நம்ப மறுக்கிறார். என்ன செய்வது?

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் படத்தைக் கிடைமட்டத் துண்டுகளாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் கலக்கிப் போட்டு, பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தீர்களா? அப்படியானால் ஒரே ஆளின் 40-ஆவது துண்டு பயிற்சியிலும் 41-ஆவது துண்டு சோதனையிலும் இருக்கும். வலைப்பின்னல் நோயை அடையாளம் காணவில்லை, ஆளை அடையாளம் காண்கிறது. ஆட்னியில் ஒருவரே பல ஆண்டுகள் மறுபடி மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறார்; ஸ்கேன்வாரியாகப் பிரித்தாலும் இதே கசிவு. நபரின் எண்ணை வைத்து மட்டுமே பிரியுங்கள். படத்தைத் திருப்பி, சாய்த்துப் பெருக்குவதைப் பிரித்த பிறகு செய்யுங்கள். அளவுகளைச் சமன்படுத்தும் சராசரியையும் பயிற்சித் தொகுப்பிலிருந்தே எடுங்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் 98 இறங்கும். இறங்கிய எண்தான் உங்களுடையது.

அடுத்த கசிவு நுட்பமானது. ஒரு மையத்தில் நோயாளிகள் அதிகம், இன்னொரு மையத்தில் நலமானவர்கள் அதிகம் என்றால், மாதிரி இயந்திரத்தின் மங்கலை நோயாகப் படித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: அதே வலைப்பின்னலை, எந்த மையம் என்று சொல்லப் பயிற்றிப் பாருங்கள். சுலபமாகச் சொல்லிவிட்டால் ஆபத்து. எல்லாப் படங்களையும் 8 மில்லிமீட்டர் துலக்கத்துக்கு (ரெசல்யூஷன்) ஆட்னி மென்மையாக்கித் தருவது இதைக் குறைக்கத்தான். அந்த வடிவத்தைப் பயன்படுத்துங்கள். மரபணு ஆய்வுக்காக 2007-இல் எழுதப்பட்டு, பின்னர் மூளைப் படங்களுக்கும் வந்த, மையங்களின் வேறுபாட்டை நீக்கும் காம்பேட் முறையும் உண்டு. மையமும் நோயும் பின்னிக் கிடந்தால் அது நோயையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு புகழ்பெற்ற உதாரணம். 2019-இல் ரேடியாலஜி இதழில் வந்த ஆய்வு, ஆட்னியின் எஃப்.டி.ஜி. படங்களில் இன்செப்ஷன் வகை வலைப்பின்னலைப் பயிற்றி, இறுதி நோய்க் கணிப்புக்குச் சராசரியாக 75.8 மாதம் முன்பே அல்சைமரைக் காட்டியது. வெளியிலிருந்து கொண்டுவந்த சோதனைத் தொகுப்பில் ஒரு நோயாளியையும் தவறவிடவில்லை. அல்சைமர் இல்லாதவர்களில் 82 சதவீதத்தினரைச் சரியாகச் சொன்னது. வெளித் தொகுப்பை வைத்துச் சோதித்தது பாராட்டத்தக்கது. ஆனால் அதில் இருந்தவர்கள் 40 பேர். 40 பேரில் அல்சைமருக்குப் போனவர்கள் சொற்பம். ஒருவர் தவறியிருந்தாலே அந்த 100 பளிச்சென்று விழுந்திருக்கும். செய்தித்தாள்கள் 100-ஐப் பிடித்துக்கொண்டன, 40-ஐ விட்டுவிட்டன.

நண்பர் உண்மையில் கேட்க நினைப்பது வேறாகவும் இருக்கலாம்: ‘என் வெளிநோயாளிப் பிரிவில் இது என்ன செய்யும்?’ நோயைப் பிடிப்பதில் 90 சதவீதம், நலத்தைச் சொல்வதில் 90 சதவீதம் என்ற நல்ல மாதிரியையே எடுத்துக்கொள்வோம். வரும் 1000 பேரில் நோய் 100 பேருக்கு. 90 பேரைப் பிடிக்கும். மீதி 900 நலமானவர்களில் 90 பேருக்கும் நோய் என்று சொல்லும். பாசிட்டிவ் என்று வந்த 180 பேரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. ஆட்னியில் சரிபாதியாகச் சேர்த்த கூட்டத்தில் இது கண்ணில் படாது. துல்லியம் என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை அவர் மருத்துவமனையின் விகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: பெயரை நீக்கிவிட்டு ஸ்கேனை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

டைகாமில் பெயர் ஒரே இடத்தில் இல்லை. பிறந்த தேதி, மருத்துவமனை எண், தனியார் குறிகள், சில சமயம் படத்தின் மேலேயே எரித்த எழுத்து என்று பரவியிருக்கும். அதோடு, தலை சி.டி.யிலிருந்தும் எம்.ஆர்.ஐ.யிலிருந்தும் முகத்தையே முப்பரிமாணத்தில் மீட்டெடுக்க முடியும். முகத்தை வெட்டி நீக்கும் நிரல்கள் உண்டு. அவற்றை ஓட்டிய பிறகு மூளையின் முன்முனையோ சிறுமூளையோ சேர்ந்து வெட்டுப்படவில்லை என்று பார்க்க வேண்டும். நோயாளியின் எழுத்துப்பூர்வ இசைவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

சேலத்திலிருந்து அணு மருத்துவ மருத்துவர்: வெளிநாட்டு மென்பொருளோடு வரும் நலமானவர் தொகுப்பை நம்புவதா, எங்களுடையதை உருவாக்குவதா? எத்தனை பேர் வேண்டும்?

முடிந்தால் உருவாக்குங்கள். 20 பேர் இருந்தால் திட்ட விலக்கத்திலேயே சுமார் 16 சதவீதம் நிச்சயமின்மை இருக்கும். 50 பேர் என்றால் 10 சதவீதம். அந்த நிச்சயமின்மை அப்படியே ஒவ்வொரு நோயாளியின் இசட் ஸ்கோரிலும் இறங்கும். வயதைப் பத்துப் பத்தாண்டாகப் பிரித்துக் கூறுபோடாமல், வயதை ஒரு மாறியாக வைத்துக் கோடு பொருத்தினால் குறைந்த ஆட்களிலும் காரியம் நடக்கும்.

நலமானவருக்குக் கதிர்வீச்சு கொடுப்பது நெறிமுறைச் சிக்கல் என்பதால், புற்றுநோய்க்காக முழு உடல் எஃப்.டி.ஜி. எடுத்தவர்களின் மூளைப் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். கீமோதெரபி எடுத்தவர்களைச் சேர்க்காதீர்கள். மூளையின் இயக்கத்தையே அது மாற்றும். எடுக்காதவர்களிலும், ஊசிக்குப் பின் வெளிச்சமான கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பார்வைப் பகுதி உங்கள் மூளை ஸ்கேன் நோயாளிகளோடு ஒப்பிடத்தக்கதல்ல. அவர்களுக்கும் அதே இருட்டறை, அதே காத்திருப்பு நேரம், அதே ரீகன்ஸ்ட்ரக்ஷன் (பதிவிலிருந்து படத்தை உருவாக்கும் கணக்கு) என்று ஏற்பாடு செய்தால் பயன்படும். ரீகன்ஸ்ட்ரக்ஷன் முறையை மாற்றிய நாளில், இயந்திரத்தின் மங்கலை ஈடுகட்டும் பாயின்ட் ஸ்ப்ரெட் திருத்தத்தைப் புதிதாகச் சேர்த்தால்கூட, பழைய தொகுப்பு காலாவதி. மூலத் தரவைப் பத்திரப்படுத்தி வைத்தால் மறுபடி ஓட்டி மீட்கலாம்.

மதுரையிலிருந்து டெக்னாலஜிஸ்ட்: டிரோடாட் ஸ்கேனில் எங்கள் இரண்டு காமா கேமராக்களும் ஒரே மாதிரி நோயாளிக்கு வேறு வேறு விகிதம் கொடுக்கின்றன. ஏ.ஐ. மென்பொருள் இரண்டுக்கும் குழம்புகிறது.

பார்க்கின்சன் சந்தேகத்துக்கு, டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் ஊசி மருந்தாக, மேல்நாடுகளில் அயோடின்-123 அயோஃப்ளூபேன் பயன்படுத்துகிறார்கள். அது இங்கே எளிதில் கிடைக்காததால், டெக்னீஷியம்-99எம் டிரோடாட்-1 பரவலாக இருக்கிறது. முதல் எச்சரிக்கை அதிலேயே: வெளியில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அயோஃப்ளூபேன் படங்களில், குறிப்பாக 2010-இல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. என்ற பார்க்கின்சன் ஆய்வின் படங்களில் பயின்றவை. டிரோடாட்டில் ஸ்ட்ரையேட்டத்துக்கும் (அசைவைக் கட்டுப்படுத்த உதவும் உள்மூளைப் பகுதி) பின்னணிக்கும் உள்ள வேறுபாடு இயல்பாகவே குறைவு. அந்த மாதிரி நலமானவரையும் நோயாளி என்று சொல்லும். டிரோடாட் படங்களில் மறுபயிற்சி கொடுக்காத மென்பொருளை அணைத்துவிடுங்கள்.

கேமரா வேறுபாட்டுக்கு வருவோம். ஸ்ட்ரையேட்டத்தின் சராசரியிலிருந்து பின்மண்டைப் பகுதியின் சராசரியைக் கழித்து, பின்மண்டை அளவாலேயே வகுக்கிறீர்கள். ஸ்ட்ரையேட்டம் 60, பின்மண்டை 30 என்றால் விடை 1.0. ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியான புட்டமென் சிறியது, கேமராவின் துலக்கம் குறையக் குறைய அதன் எண்ணிக்கை வெளியே வழிந்து மேலெண் விழும். துலக்கத்தைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி சுற்றுப்பாதையின் ஆரம். நோயாளியின் தோள் இடிக்கும் என்று ஒரு கேமராவில் 18 சென்டிமீட்டரில் சுற்றி, மற்றதில் 14-இல் சுற்றினால் விகிதம் ஒத்துப்போகாது. தலைதாங்கியை மேசைக்கு வெளியே நீட்டி, தோளைக் கீழே இறக்கி, இரண்டிலும் 15-க்குள் ஒரே ஆரத்தை வையுங்கள். கொலிமேட்டர் (கேமராவின் முன் உள்ள, துளைகள் கொண்ட ஈயத் தட்டு), வடிகட்டியின் வெட்டு எல்லை, பிக்சல் அளவு, அட்டென்யுவேஷன் திருத்தம் உண்டா இல்லையா என்பதெல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 740 மெகாபெக்கரல் ஊசிக்குப் பின் 4 மணி நேரம் என்றால் 4 மணி நேரமே. ஒருவரை 3 மணியிலும் இன்னொருவரை 5 மணியிலும் படுக்க வைத்தால் விகிதம் அதனாலேயே மாறும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேறுபாடு மிஞ்சும். ஸ்ட்ரையேட்டல் பான்டம் (சோதனைக்கான செயற்கைத் தலை) கிடைத்தால், ஸ்ட்ரையேட்டத்துக்கும் பின்னணிக்கும் 8:1, 4:1, 2:1 என்ற செறிவுகளில் நிரப்பி இரண்டு கேமராவிலும் எடுத்து, உண்மை விகிதத்துக்கு எதிராகக் கோடு வரையுங்கள். ஒவ்வொரு கேமராவின் சாய்வுதான் அதன் திருத்தக் காரணி. பான்டத்தின் வலப்பக்கம் ஒரு சிறு புள்ளி மூலத்தை ஒட்டிவிடுங்கள். கோப்பு மாற்றத்தில் இடம் வலமாகிவிட்டதா என்பதும் அதே பதிவில் தெரிந்துவிடும். பார்க்கின்சன் ஒரு பக்கத்தில் தொடங்கும் நோய் என்பதால் பக்கம் மாறினால் ரிப்போர்ட்டே தலைகீழ். பான்டம் இல்லையென்றால், இசைவு தரும் சுமார் பத்து நோயாளிகளை ஒரே ஊசியில் அடுத்தடுத்து இரண்டு கேமராவிலும் எடுக்கலாம். டெக்னீஷியத்தின் 6 மணி அரை ஆயுள் அதற்கு இடம் தருகிறது. பாதிப் பேரை முதல் கேமராவிலும் பாதிப் பேரை இரண்டாவதிலும் தொடங்குங்கள், இல்லாவிட்டால் நேரத்தின் விளைவைக் கேமராவின் விளைவாக எண்ணிவிடுவீர்கள்.

அதுவரை முழு விகிதத்தைவிட, புட்டமெனுக்கும் காடேட்டுக்கும் (ஸ்ட்ரையேட்டத்தின் இன்னொரு பகுதி) உள்ள விகிதத்தையும் இட வல வேறுபாட்டையும் மருத்துவருக்கு முன்னால் வையுங்கள். கேமரா மாறினாலும் அவை குறைவாகவே அசையும். நோயாளியின் மருந்துச் சீட்டையும் ஊசிக்கு முன் பாருங்கள். லீவோடோபா பெரிதாகத் தொந்தரவு செய்யாது. புப்ரோப்பியானும் மெத்தில்ஃபெனிடேட்டும் டிரோடாட் ஒட்டவேண்டிய அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவற்றை முன்கூட்டியே நிறுத்துவது பற்றி, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்ட பிறகே நாள் கொடுங்கள்.